பக்கத்து வீட்டுக் கிணறு

உப்பு மீற்றரின் முள் அசைய மறுத்தது.

கனிசியஸ் பெட்டியை உள்ளங்கையால் தட்டினான். வாயால் ஊதினான். போத்தல் தண்ணீருக்குள் இருந்த கம்பியை எடுத்து, துடைத்து, மறுபடியும் தோய்த்தான். முள்ளோ, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்த மனுசனைப் போல, தொடங்கிய இடத்திலேயே கிடந்தது.

"என்ன தம்பி, எங்கடை தண்ணி எப்பிடி?" என்று கேட்டார் வீட்டுக்காரர் இராசநாயகம். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. அவருக்குப் பின்னால் குசினி யன்னலில் அவருடைய பெண்பிள்ளைகள் மூவரும் அடுக்கி வைத்ததுபோல் நின்றார்கள்.

"ஐயா, போன மாசம் இதே கிணத்திலை முள்ளுப் பாதிக்கு மேலை ஏறினது. இப்ப இளநி மாதிரி இருக்குது. இடையிலை ஒரு துளி மழை இல்லையே!"

"அது பாரும், கிணத்தை நல்லாய்த் துப்பரவாக்கினனாங்கள்" என்ற இராசநாயகம் பேச்சை மாற்றினார். "வெயிலுக்கை வந்தனீர், இரும். பிள்ளையள், அந்தப் பயத்தம் பணியாரத்தைக் கொண்டு வாங்கோ! மூத்தவள் சுட்டது, தம்பி. நடுவிலாளும் நல்லாய்ச் சுடுவாள்."

உப்பு மீற்றர் பார்க்க வந்தவனுக்கு எதற்குப் பணியாரம்? கனிசியசுக்கும் விளங்கவில்லைத்தான். ஆனால் பணியாரம் நன்றாக இருந்தது.

அவன் யாழ்ப்பாணக் கடற்கரையிலுள்ள குருநகர்ப் பொடியன். தண்ணீர் அலுவலகம் ஒன்றில் தற்காலிக உத்தியோகம். மாதம் ஒருமுறை அலுவலக மோட்டார் சைக்கிளில் ஏறி, வல்லை வெளிக் காற்றோடு மல்லுக்கட்டி, உடுப்பிட்டிக்கு அந்தப் பக்கமுள்ள அந்தக் குறிச்சிக்கு வருவான். ஆறு வீட்டுக் கிணறுகள், ஒரு பிள்ளையார் கோயில் கிணறு. நீர்மட்டத்தை நாடா விட்டு அளக்க வேண்டும். தண்ணீரைப் போத்தலில் எடுத்து உப்புப் பார்க்க வேண்டும். கடல்நீர் நிலத்துக்குக் கீழால் எவ்வளவு தூரம் களவாக வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை அது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. கடற்கரைப் பொடியன் ஒருவன் தங்கள் கிணற்றில் வாளி விடுவதை அந்த வீட்டுக்காரர் விரும்புவதில்லை. வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். "நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள், நாங்கள் அள்ளித் தாறம்" என்று சிரித்துக்கொண்டே கயிற்றைப் பறித்துவிடுவார்கள். நாடாவை மட்டும் அவன் விடலாம். இரும்புக்குத் தீட்டுத் துடக்கு இல்லையாக்கும்! ஆகவே போத்தலுக்குள் போவது வீட்டுக்காரர் தருகிற தண்ணீர்தான்.

அன்றைக்கு ஆறு வீட்டுத் தண்ணீரும் ஒன்றுபோல இனித்தது. கடைசி வீடு பறுவதத்துடையது. புருசன் இல்லாமல், தோட்டம் செய்து, மகள் யோகமலரைப் படிப்பித்து ஆளாக்கிய மனுசி. அளவு தொடங்கிய போன மாதம் அவள் வீடு பூட்டிக் கிடந்ததால் இதுதான் முதல் அளவு. அவள் செம்பு நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அக்கா, எனக்கு முன்னாலை அள்ளினா நல்லது."

"முன்னமே அள்ளி வச்சிட்டன் தம்பி. உங்களுக்கு ஏன் மினக்கேடு?"

முள் இங்கேயும் அசையவில்லை.

கோயில் கிணற்றுக்கு வந்து நாடாவை விட்டபோதுதான் அவன் திடுக்கிட்டான். போன மாதத்தை விட ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் இறங்கியிருந்தது. கிணற்றடியெல்லாம் குடம் வைத்த ஈர வட்டங்கள்.

"எல்லாரும் இஞ்சைதான் அள்ளிக்கொண்டு போகினம்" என்றது ஒரு குரல். ஓய்வுபெற்ற தபாலதிபர் முத்துக்குமாரு. அவர் வீட்டுக் கிணறும் அந்த ஆறில் ஒன்று. அவர் கையிலும் ஒரு குடம் இருந்தது. அதைக் காலுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கனிசியசின் காதருகே குனிந்தார்.

"தம்பி, ஒளிக்காமல் சொல்லும். மாப்பிள்ளை ஆர்?"

"எந்த மாப்பிள்ளை?"

"எங்களுக்குத் தெரியாதே? வீடு வீடாய்ப் போய்க் கிணத்துத் தண்ணியைச் சோதிக்கிறது வேறை என்னத்துக்கு?"

இதை உங்களுக்கு விளக்கிச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்குப் போய் இருப்பார். ஆகையால் மாப்பிள்ளை வீட்டார் சாதகம் கேட்க முதல், ஓசைப்படாமல் ஓர் ஆளை விட்டு, அந்த வளவுக் கிணறு நல்ல தண்ணியா சவர்த் தண்ணியா என்று விசாரிப்பார்கள். காலம் முழுக்கக் குடிக்கப்போகிற தண்ணீர் அல்லவா! பெண் எப்படி என்பது பிறகுதான். அந்த ஆறு வீட்டிலும் கலியாணம் ஆகாத பெண்பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவன் வந்து கிணறு கிணறாக எட்டிப் பார்த்தால் அவர்கள் வேறு எதைத்தான் நினைப்பார்கள்?

"ஐயா, நான் கலியாணம் முடிச்சவன்! மார்கிரட் எண்டு மனிசி. ரெண்டு பிள்ளையள்."

"அதுதான் நல்லது. கலியாணம் முடிச்ச ஆளைத்தான் தரகுக்கு விடுறவை."

"நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன் ஐயா! சைவப் பிள்ளையளுக்கு நான் ஏன் மாப்பிள்ளை பாக்கிறன்?"

முத்துக்குமாரு வியந்துபோய்த் தலையாட்டினார். "மூளைசாலியள்தான்! வேதக்காரனை விட்டால் ஒருதரும் சந்தேகப்படாயினம் எண்டு யோசிச்சிருக்கினம் பாரும்."

"எங்கடை கோயில் யாகப்பர் ஆணை, நான் கலியாணம் பேச வரேல்லை! என்னை அனுப்பினது எங்கடை எஞ்சினியர்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். முத்துக்குமாருவின் முகம் மலர்ந்துவிட்டது.

"மாப்பிள்ளை எஞ்சினியரோ!" என்று குடத்தையும் மறந்து வீட்டை நோக்கி ஓடினார்.

*

அலுவலகத்தில் எஞ்சினியர் தியாகலிங்கம் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். திரும்பவும் பார்த்தார்.

"ஐசே, என்ன இது? ஆடி வெயிலுக்கை, உப்பாத்துக் கரையிலை, மலைநாட்டு நுவரெலியாத் தண்ணியே?"

"சேர், அவை கோயில் கிணத்துத் தண்ணியை—"

"எனக்குக் கதை வேண்டாம். எனக்கு உண்மையான உப்பு வேணும். எந்தக் கிணத்திலை எவ்வளவு உப்பு, அவ்வளவுதான். மற்றக் குறிச்சியள் எப்பிடியும் போகட்டும், உந்த ஆறும் எனக்குச் சரியாய் வரவேணும். திரும்பப் போம்!"

கனிசியசுக்கு இந்த வேலை போனால் மிஞ்சுவது அப்பாவின் வள்ளம் ஒன்றுதான். குருநகரில் பிறந்து வளர்ந்தும் வள்ளத்தில் கால் வைத்தவுடன் குமட்டிச் சத்தி எடுக்கிற ஆம்பிளை அவன் ஒருவன்தான். அப்பா சந்தியோகு இதைச் சொல்லிச் சொல்லியே அரைவாசி இளைத்துப் போனவர். "கடல் உப்பெண்டு கண்டுபிடிக்க உனக்கொரு மிசின், அதுக்கொரு சம்பளம்" என்பார். வருட முடிவில் வேலையை நிரந்தரமாக்குவதா நிறுத்துவதா என்பது தியாகலிங்கத்தின் ஒரு கையெழுத்தில் இருந்தது.

"நேரை போய் உண்மையைச் சொல்லுங்கோவன்" என்றாள் மார்கிரட்.

"சொல்லிப் பாத்திட்டன். உண்மை சொல்லச் சொல்ல மாப்பிள்ளைக்குப் படிப்புக் கூடிக்கொண்டு போகுது."

அடுத்த கிழமை அவன் போனபோது வல்லை வெளி தாண்டி, இயக்கப் பொடியள் காவல் நின்ற சென்றியில் மறித்தார்கள். பெட்டியைத் திறந்து, கம்பியையும் முள்ளையும் பார்த்தார்கள். துவக்கோடு நின்றவனின் முகம் மாறியது.

"ஓ, நீங்கள்தானோ கிணறு பாக்கிற ஆள்? அண்ணை, எங்கடை வீடு கரணவாயிலை. அக்காவுக்குப் பேசுறம். தண்ணி திறம்."

குறிச்சியில் வரவேற்பு இன்னும் மோசமாக இருந்தது. இராசநாயகம் வீட்டில் பணியாரத்தோடு சிப்பிப் பலகாரம். முத்துக்குமாரு வீட்டில் மகளைக் கொண்டு தேவாரம் பாடுவித்தார்கள். தண்ணீரோ எங்கும் ஒரே கோயில் கிணறு. கனிசியஸ் களைத்துப்போனான். களைத்த மனுசனுக்குத்தான் கெட்ட யோசனைகள் வரும்.

நல்ல தண்ணீர் காட்ட வேண்டும் என்ற ஆசையை ஒழித்துவிட்டால் தங்கள் தண்ணீரைத் தருவார்கள்தானே?

"ஐயா, உங்களுக்கு மட்டும் சொல்லுறன்" என்றான் முத்துக்குமாருவிடம். "மாப்பிள்ளைக்கு நல்ல தண்ணி ஒத்துவராதாம். கொஞ்சம் உப்பிருந்தாத்தான் உடம்புக்கு நல்லதெண்டு டொக்டர் சொன்னவராம்."

"அப்பிடியே!" என்றார் முத்துக்குமாரு. அந்த மனுசனிடம் சொன்னால் போதும், தந்தியே தேவையில்லை.

அடுத்த முறை இராசநாயகம் வீட்டில் கம்பியைத் தோய்த்ததும் முள் துள்ளிப் பாய்ந்து மறுகரையில் முட்டி நின்றது. பெட்டியே ஒருமுறை கிறீச்சிட்டது.

"எப்பிடி? மாப்பிள்ளைக்குக் காணுமே?" என்றார் இராசநாயகம் பெருமையாக.

முத்துக்குமாருவின் தண்ணீரில் கரையாத உப்புக்கட்டி அடியில் கிடந்தது. பறுவதத்தின் போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான் கனிசியஸ். உள்ளே ஓர் இறால் குஞ்சு, மீசையை ஆட்டிக்கொண்டு, அவனையே பார்த்தது.

"அக்கா, இது தொண்டைமானாத்து இறாலெல்லே!"

"சீ, அது எங்கடை கிணத்து இறால்" என்றாள் பறுவதம், கண் இமைக்காமல்.

யோகமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

இறாலை ஊற்றிவிட மறந்துபோனான் கனிசியஸ். அதுதான் பிழை. எஞ்சினியரின் மேசையில் அது போத்தலுக்குள் வட்டமடித்தது.

"ஐசே கனிசியஸ்" என்றார் தியாகலிங்கம், மிக மெதுவாக. அவர் கத்தினால் பயமில்லை. மெதுவாகக் கதைத்தால்தான் பயம். "போன கிழமை நுவரெலியா. இந்தக் கிழமை இந்து சமுத்திரம். மழைக்கு முன்னம் ஒருதரம், ஒரே ஒருதரம் போம். உண்மையான தண்ணியோடை வாரும். இல்லாட்டி இந்த இறாலோடை சேர்ந்து நீரும் கடலுக்குப் போகலாம்."

*

புரட்டாதி வெயிலில் கடைசி முறையாகப் புறப்பட்டான். மார்கிரட் யாகப்பருக்கு மெழுகுதிரி நேர்ந்து அனுப்பினாள். வல்லை வெளி நெடுக அவன் யோசித்தது வள்ளத்தைப் பற்றித்தான். யோசிக்கும்போதே குமட்டியது.

பறுவதம் செம்போடு காத்திருந்தாள். கனிசியஸ் செம்பை வாங்கவில்லை. கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டான்.

"அக்கா, இனி என்னாலை ஏலாது. உங்கடை தண்ணியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

அவனுடைய முகத்தைப் பார்த்து அவளுக்கு மனம் இளகிவிட்டது. பக்கத்தில் வந்து நின்றாள்.

"தம்பி, எங்கடையை விடுங்கோ. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு உண்மை மட்டும் போய்ச் சொல்லுங்கோ. இராசநாயகத்தாற்றை கிணத்திலை சவுக்காரம் நுரைக்காது. அவற்றை தண்ணியிலை குளிச்சா மயிர் தும்பாய்ப் போம்."

வேலிக்கு வெளியே ஒழுங்கையில் ஒட்டுக்கேட்டு நின்ற இராசநாயகத்தின் தலை எழுந்தது.

"ஆரின்ரை தண்ணியிலை? உவளின்ரை தண்ணியிலை தேத்தண்ணி போட்டால் பால் திரைஞ்சு போம், தம்பி! முத்துக்குமாருவின்ரையிலை பருப்பே அவியாது!"

கனிசியஸ் எழுந்து நின்றான். காற்சட்டையைத் தட்டிக்கொண்டான். மூன்று மாதமாக அவன் தேடிய உண்மை வேலிக்கு மேலால் இலவசமாகப் பறந்து வந்துகொண்டிருந்தது. தன் கிணற்றைப் பற்றி ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார். பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பற்றி ஒருவரும் பொய் சொல்ல மாட்டார்!

"எல்லாரையும் ஒழுங்கை முடக்குக்கு வரச் சொல்லுங்கோ!" என்று கத்தினான்.

ஆறு வீட்டுச் சனமும் வேப்பமரத்தடியில் கூடியது. கனிசியஸ் பெட்டியைத் தூக்கிக் காட்டினான்.

"இண்டைக்கு ஒருதரும் தங்கடை கிணத்தைத் தொடக்கூடாது. பக்கத்து வீட்டுக் கிணத்திலை நீங்கள் அள்ளித் தரவேணும். சம்மதமே?"

"சம்மதம்!" என்று ஆறு வீடும் ஒரே குரலில் சொன்னது. அந்தக் குறிச்சி எந்த விசயத்திலும் அப்படி ஒற்றுமையாக இருந்ததில்லை.

அரை நிமிடம் போகவில்லை.

"பொறும்!" என்றார் இராசநாயகம். "என்ரை கிணத்திலை பறுவதம் அள்ளுறதோ? அவள் சேலைக்குள்ளை உப்புச் சிரட்டை வச்சிருப்பாள்!"

"அவர் என்ரை கிணத்துக்குக் கிட்ட வந்தால் நான் பொலிசுக்குப் போவன்!" என்றாள் பறுவதம்.

"இயக்கம் வந்த பிறகு பொலிஸ் எங்கை கிடக்கு?" என்றார் முத்துக்குமாரு.

"பின்னை ஆர் அள்ளுறது?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

"தம்பிதான் அள்ளவேணும்" என்றாள் பறுவதம்.

"ஓம், தம்பி மட்டும்தான்! வேறை ஆரின்ரை கையும் படக்கூடாது!" என்றார் இராசநாயகம்.

அப்படித்தான், பிள்ளைகளே, குருநகர்ப் பொடியன் ஒருவன் அந்தக் குறிச்சிக் கிணறுகளில் முதன்முதலாக வாளி விட்டான். பெரிய மனம் வந்து அவர்கள் விடவில்லை. அயலவன் மேல் இருந்த சந்தேகம் விட வைத்தது. எதனால் என்றால் என்ன, வாளி உள்ளே போனது.

கனிசியஸ் கயிற்றை இழுத்து இழுத்து அள்ளினான். ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் மற்ற ஐந்து வீடும் காவல் நின்றது. மடியைச் சோதித்தார்கள். வாளியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்கள். கொழும்பில் எந்தப் பெரிய ஆய்வுகூடத்திலும் அப்படிக் கறாரான சோதனை நடந்திராது.

இராசநாயகத்தின் கிணற்றில் முள் முக்கால்வாசி ஏறியது. முத்துக்குமாருவின் கிணற்றில் அதற்குச் சற்றுக் கீழே. அடுத்தடுத்த வளவுகளில் படிப்படியாக இறங்கியது. கடைசியாகப் பறுவதத்தின் கிணறு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். யோகமலர்தான் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, முள்ளு அசையேல்லை!"

கனிசியஸ் நம்பாமல் மறுபடியும் அள்ளினான். மறுபடியும் அப்படித்தான். கோயில் கிணற்றுத் தண்ணீரோடு வைத்துப் பார்த்தான்.

"அக்கா, பிள்ளையாற்றை தண்ணியை விட உங்கடை தண்ணி நல்லது! நீங்கள் நல்ல தண்ணியை வீட்டிலை வச்சுக்கொண்டு ஏன் கோயிலுக்குக் குடம் காவினனீங்கள்?"

"எல்லாரும் காவிச்சினம், நானும் காவினன்" என்றாள் பறுவதம். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

முத்துக்குமாரு மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, உதென்ன, இராசநாயகத்தின்ரை வளவிலை இருந்து எங்கடை பக்கம் பாய்ஞ்சு வாற மாதிரி இருக்குது?"

"ஓம் ஐயா. அவற்றை வாட்டர் பம் பகல் முழுக்க ஓடுது. மேலை இருக்கிற நல்ல தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச, கீழை இருக்கிற உப்பு மேலை வருது. முதல்லை அவற்றை கிணறு, பிறகு உங்கடை. இப்பிடியே விட்டால் ரெண்டு மூண்டு வருசத்திலை பறுவதம் அக்காவின்ரையும்."

அத்தனை பேரும் இராசநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் நின்ற அவருடைய மூன்று மகள்மாரும் அவரைப் பார்த்த பார்வைதான் மற்ற எல்லாவற்றையும் விட உறைத்தது.

"சரி, சரி! காலமை கொஞ்ச நேரம் மட்டும் போடுறன். மிச்சத்துக்குத் துலாவாலை அள்ளி இறைக்கிறன். காணுமே?"

"நாங்கள் பாத்துக்கொண்டுதான் இருப்பம்" என்றாள் பறுவதம். அதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கனிசியஸ் பெட்டியைக் கட்டினான். இனி இந்தச் சனத்துக்குப் பொய் சொல்ல அவனால் முடியாது.

"ஒரு விசயம். மன்னிக்க வேணும். மாப்பிள்ளை எண்டு ஒருதரும் இல்லை. நான் கிணறு அளக்கத்தான் வந்தனான்."

இராசநாயகம் ஒரு செருப்பை, அதுவும் யாருடையதோ தெரியாது, குனிந்து எடுத்தார். பறுவதம்தான் முன்னே வந்தாள்.

"மாப்பிள்ளை இல்லாட்டிப் போகட்டும். என்ரை கிணறு நல்ல கிணறெண்டு ஆறு வீடும் கண்ணாலை பாத்திட்டுது. இனி ஆர் என்ன சொல்லேலும்? யோகமலர், தம்பிக்குச் சாப்பாடு போடு!"

அன்று அவள் வீட்டில், தலைவாழை இலையில், கிணற்றுத் தண்ணீரும் வைத்துச் சாப்பிட்டான் கனிசியஸ். திரும்பி வரும்போது வல்லை வெளிக் காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து தள்ளியது.

*

தியாகலிங்கம் தாளைப் பார்த்தார். தாளிலிருந்த குறிச்சிப் படத்தில் ஆறு கிணறுகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். கடைசிக் கிணற்றில் விரல் நெடுநேரம் நின்றது. பிறகு எழுந்து கனிசியசின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஐசே, இதுதான் வேலை! நிரந்தரத்துக்கு இண்டைக்கே எழுதுறன். பின்னேரம் கொக்குவிலுக்கு, எங்கடை வீட்டை வாரும். தேத்தண்ணி குடிக்க."

கனிசியஸ் அன்றைக்கு நிலத்தில் நடக்கவில்லை. குருநகரில் அப்பா செய்தியைக் கேட்டு, தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக, "மிசின் நல்ல மிசின்தான்" என்றார். மார்கிரட் அவனுக்கு வெள்ளைச் சட்டையை அழுத்தி மினுக்கிக் கொடுத்தாள்.

கொக்குவில் வீட்டில் விறாந்தையில் பெரிய கதிரை போட்டு இருத்தினார்கள். தியாகலிங்கம் அவனுடைய தோளில் தட்டி, முந்திரிகை வத்தல் போட்ட கேக்கை வெட்டித் தந்து, வாசலுக்கு யாரோ வந்ததால் எழுந்து போனார்.

அவர் போனதுதான் தாமதம், அவருடைய மனைவி மீனாம்பிகை தேத்தண்ணியோடு வந்து, வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, கதிரையை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, இவர் உந்த ஆறு வீட்டுக் கிணத்தையும் அளக்க விட்டது எங்கடை மூத்தவனுக்குப் பொம்பிளை பாக்கத்தானே, அந்த நல்ல தண்ணி வீட்டுப் பிள்ளையின்ரை சாதகத்தையும் அடுத்த மாசம் போகேக்கை ஒருக்கால் வாங்கிக்கொண்டு வாங்கோவன்."